நீ கழற்றச் சொன்ன கழுத்துப் பட்டை

இன்று காலை கோர்ட்டில், யாருடைய வழக்கிலோ சாட்சிப் பொருளாக வைத்திருந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்கள். அரக்கு முத்திரையை உடைத்துக் காகிதத்தை விரித்ததும் அந்த வாசனை வந்தது. ஈர வைக்கோலைப் பாதி எரித்து அணைத்தது போன்ற கஞ்சா வாசனை. வழக்கு என்னுடையதல்ல. ஆனாலும் வக்கீல்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து நிற்கப் போனேன். அடுத்ததாக என் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று தோன்றியது.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் ஊர் எருத்தேன்பதிக்கு வந்திருந்தேன். சாப்பிடாமல் திரும்பிவிட்டேன். உன் பெயரை இந்த மடலில் எழுதப் போவதில்லை. என் பெயரோடு சேர்த்து யாரும் உன் பெயரைச் சொல்லிவிடக் கூடாது என்று நீ பயந்த காலம் ஒன்று உண்டு. அதை இப்போதும் மதிக்கிறேன், கசப்போடுதான்.

நான் பிடிபட்ட அன்று மூணாறிலிருந்து வந்துகொண்டிருந்தேன். அப்பா அங்கே தேயிலை எஸ்டேட் ஃபாக்டரியில் இலை வாட்டும் வேலையில் இருந்தார். அவரைப் பார்த்துவிட்டு, உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கேரள எல்லையில் கோவிந்தாபுரம் வந்தபோது எக்சைஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். மடியில் மடித்து வைத்திருந்த கறுப்புக் கோட்டின் பையில் கைவிட்டார் ஒருவர். நாலைந்து பீடிக்குக்கூடத் தேறாத பொட்டலம். அதில் பாதி உனக்கு. சட்டக் கல்லூரி விடுதியில் தொடங்கிய பழக்கம் அது, நம் இருவருக்கும் பொதுவானது. பெயர் கேட்டார்கள், தொழில் கேட்டார்கள். வக்கீல் என்றேன். கோட்டைத் தூக்கிக் காட்டி, பஸ்ஸில் இருந்தவர்கள் சிரிக்கும் வரை காத்திருந்தார் அந்த மனிதர்.

சொந்த ஜாமீனில் வெளியே வந்து நேராக நாம் இருவரும் சேர்ந்து தொழில் நடத்திய ஆபீஸ் அறைக்குத்தான் வந்தேன். நீ ஜன்னலைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினாய்.

"கேசு நடத்துனா வருசக்கணக்குல இழுக்கும்டா. சாட்சி வருவான், பேப்பர்காரன் வருவான். எங்க வாங்குன, யாரோட குடிச்சேன்னு கிளறுவானுக. ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிப்போட்டு வந்துரு."

"நான் வக்கீலுல்லா?"

"அதுக்குத்தான் சொல்றேன். ஒருத்தனுக்கும் தெரியாம முடிச்சுப்போடோணும்."

கள்ளுக்கடைச் சண்டை, விளக்கில்லாத சைக்கிள் என்று வருகிற எல்லோருக்கும் நாம் தினமும் சொன்ன யோசனைதான் அது. அவர்கள் ஒத்துக்கொண்டு, அபராதம் கட்டி, மத்தியானத்துக்குள் தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். தென்னைக்கு நீர் பாய்ச்சுகிறவனிடமிருந்து அந்தத் தீர்ப்பு எதையும் பறிக்காது. எனக்கும் அப்படித்தான் முடியும் என்று நம்பினேன். பயந்தவனுக்குச் சீக்கிரம் முடியும் என்ற சொல் போதுமாக இருந்தது.

வழக்கு நாளன்று கோர்ட் வராந்தாவில் என் கழுத்தைப் பார்த்தாய். "அந்தப் பட்டையைக் கழட்டுடா. கூண்டுல அதோட நிக்காத" என்றாய். வக்கீல்கள் கட்டும் அந்த வெள்ளைப் பட்டையை அவிழ்த்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். மாஜிஸ்திரேட் எனக்குத் தெரிந்தவர்தான். முந்தின வாரம் அவர் முன்னால் ஒரு ஜாமீன் மனுவுக்காக வாதாடியிருந்தேன். என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "குற்றம் சம்மதிக்குன்னுண்டோ?" என்று மலையாளத்தில் கேட்டார். சம்மதம் என்றேன். நீ சொன்னது போல உடனே முடிந்துவிட்டது. அன்றுதான் எல்லாம் தொடங்கியது.

யாரோ புகார் எழுதினார்கள். தண்டனை பெற்றவன் வக்கீலாக நீடிக்கலாமா என்று விசாரிக்க எறணாகுளத்தில் பார் கவுன்சிலின் ஒழுங்குக் குழு உட்காரும் என்று தெரிந்தது. வக்கீலாக வாதாடும் சன்னது போய்விட்டால் எனக்கு வேறு எதுவும் இல்லை. நிலமில்லை. எஸ்டேட் வீடும் அப்பா ஓய்வு பெறும் வரைதான். தபால்காரரின் மணி கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டேன். பெருமாட்டித் தோப்புகளில் வெயில் சாயுமுன் கள் குடிக்கப் போகும் வக்கீல்கள் சங்க அறைப் பெரியவர்கள் திடீரென்று ஒழுக்கசீலர்கள் ஆனார்கள். அவர்களில் ஒருவர், "ஏனுங்க மலைக்காரரே, கோட்டுப் பையில ஏலக்காய் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்த முகங்கள் ஒன்றையும் நான் மறக்கவில்லை. நீயும் சிரித்தாய். சிரிக்காவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று பிறகு என்னிடம் சொன்னாய்.

அந்த நாட்களில் அப்பா என்னைப் பார்க்க வந்தார். ஆணியில் தொங்கிய கோட்டைத் தடவினார். "ஏலே, தேச்சுப் போடப்படாதா? எஸ்டேட் லயத்து வீடுகள்ல கேக்காக, உம் மவன் எப்ப ஜட்ஜு ஆவாம்னு." நான் இஸ்திரிப் பெட்டியைத் தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டேன்.

எறணாகுளத்துக்கு நீயும் ரயிலில் வந்தாய். குழுவின் அறையில் சுவரோரம் உட்கார்ந்தாய். மூவரில் வயதானவர் அதட்டவில்லை. அதனாலேயே எனக்குப் பயம் கூடியது. "பொருள் கஞ்சாதான் என்று ரசாயனப் பரிசோதனை முடிவு வருமுன்பே ஒரு வக்கீல் எப்படி ஒத்துக்கொண்டார்? யார் சொன்ன யோசனை?" என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ மின்விசிறியைப் பார்த்தாய். "என் சொந்த முடிவு" என்றேன். சன்னதைப் பறிக்கவில்லை, ஆறு மாதம் தொழில் செய்யக் கூடாது என்றார்கள். அந்த ஆறு மாதமும் என் வழக்குகளை நீதான் பார்த்தாய். ஒரு கட்சிக்காரரைக்கூட உன் பக்கம் இழுக்காமல் திருப்பிக் கொடுத்தாய். அதற்காக ஊர் உன்னை மெச்சியது.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. அந்த அறையில் ஜன்னலைச் சாத்தியபோது நீ பயந்தது எனக்காகவா, உனக்காகவா? வழக்கு நடந்தால் வெளியே வந்திருக்கக்கூடிய இன்னொரு பெயர் உன்னுடையதுதானே? ஒவ்வொரு கோர்ட் விடுமுறைக்கும் முன்பு இதைக் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். பதில் எதுவாக இருக்குமோ என்ற பயத்தில் தள்ளிப்போட்டேன். இனி அதைச் சொல்ல ஆளில்லை.

இன்று அந்த வாசனை அடங்குமுன்பே ஓர் இளைஞன் என் பக்கத்தில் வந்து நின்றான். எல்லையில் ஒரு கஞ்சா பீடியோடு பிடிபட்டு, வக்கீல் தேடி வந்தவன்.

"ஒத்துக்கறேனுங்க. பொழுதோட ஊடு போய்ச் சேந்தாப் போதுமுங்க."

"என்ன வேலை பார்க்கறே?"

"பள்ளிக்கோடத்துல வாத்தியாருங்க."

அவன் தோளைப் பிடித்தேன். ஒத்துக்கொண்டால் எது போகும் என்று சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. கூண்டில் ஏறியதும் அதே மலையாளக் கேள்வி வந்தது. அவன் வாய் திறக்கும் வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க" என்றான்.

வருகிற எவனிடமும் நான் முதலில் கேட்பது அவன் வேலையைத்தான். நீ என்னிடம் கேட்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே. அந்தப் பட்டையையும் நீ திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை, புதிதாக வாங்கிக்கொண்டேன். கோர்ட்டில் யார் பெயரைக் கூப்பிட்டாலும் என் கை தானாகக் கழுத்துக்குப் போய், அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறது.