தேர்தல் இல்லாத மாதத்தில் ஒரு வேலை

வெள்ளிக்கிழமை, இரவு

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

தேர்தல் முடிந்தால் எங்களைப் போன்ற கருத்துக்கணிப்பு ஆட்களுக்கு வேலையும் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அதனால் சென்னை ஆபீஸிலிருந்து கூப்பிட்டபோது, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கத்தான் என்று நினைத்து இன்று ரயில் ஏறினேன்.

ஆபீஸை நடத்தும் மேடம் உட்காரச் சொன்னார். "ஷமீம், உங்களை நிரந்தரமா எடுத்துக்கறோம். திருத்தணியிலயே இருந்து ஆந்திரா எல்லையோர ஊர்களைப் பார்த்துக்கோங்க."

"இப்ப தேர்தலே இல்லையே மேடம்?"

"தேர்தல் இல்லாதப்பதான் ஜனங்க மனசுவிட்டுப் பேசுவாங்க."

தெலுங்கு தெரிந்த இன்னொருவரும் வேண்டுமாம். காலேஜ் முடித்த சின்ன வயசு ஆளாகப் பார்க்கச் சொன்னார். நான் கோமதியக்கா பெயரைச் சொன்னேன். தேர்தலுக்குத் தேர்தல் என்னோடு வெயிலில் அலைந்தவர். ஐம்பதை நெருங்குகிறார் என்றதும் மேடம் தயங்கினார்.

"எனக்குத் திறக்காத கதவெல்லாம் அவங்களுக்குத் திறக்கும் மேடம்" என்றேன். சரி என்றார்.

எங்களோடு கணிப்பு எடுத்த மற்றவர்களுக்கும் வேலை உண்டா என்று மேடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை கேட்க வேண்டும்.

திருத்தணியில் இறங்கி நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தவர், விஷயத்தைச் சொன்னதும் கரண்டியோடு அப்படியே நின்றார்.

"இன்னா சொல்றே? என் வயசைச் சொன்னியா?"

"ஆங், சொன்னேங்க்கா."

"கொஞ்சம் கொறச்சு சொல்லக்கூடாதா!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அதற்குள் தோசை கருகிவிட்டது. அதையே பாதிப் பாதியாகப் பிய்த்துத் தின்றோம்.