சர்பத் கடையில் நான்கு நாள்

செப்டம்பர் 8

காலையில் தண்ணீர் வரவில்லை. மோட்டாரைத் திட்டிக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போனால், எனக்கு முன்னால் ஒரு அம்மா வந்து வாசலில் நிற்கிறாள். பெயர் முப்பிடாதி. மாஞ்சோலையில் தேயிலை பறித்தவள். எஸ்டேட்டைவிட்டு இறக்கியபின் இங்கே ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். மகள் மாரிக்கனிக்குப் பத்தொன்பது வயது. துணிக்கடை வேலைக்கு வெள்ளிக்கிழமை போனவள் திரும்பவில்லை.

ரைட்டர் சுடலைராஜ் தலையைத் தூக்காமலே, "மேஜர் பொண்ணு. எவங்கூடயாது போயிருக்கும். ரெண்டு நாள் பாரும்மா" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். "ஏலே, ஒம் பிள்ளைன்னா ரெண்டு நாள் பாப்பியா?" என்று கேட்டுவிட்டு நானே மனுவை எழுதினேன். பத்தொன்பது வருஷம் காக்கி போட்டு ஏட்டாகி என்ன பிரயோஜனம், இதைக்கூடச் செய்யாவிட்டால்.

செப்டம்பர் 10

மாரிக்கனியின் போன் வேலை செய்கிறது! டவர் பல்லடம் பக்கம் காட்டுகிறது. கடைக்கு வந்துபோன ஒருத்தி, மில்லில் வேலை என்று ஆசைகாட்டி மூன்று பெண்களைக் கூட்டிப்போயிருக்கிறாள். நாங்கள் அந்த நம்பருக்கு அடித்தால் ஒரு ஆண்குரல் எடுத்து, ராங் நம்பர் என்று வைக்கிறது.

இன்ஸ்பெக்டர் விஜயஸ்ரீயிடம் சொன்னேன். "நாளைக்கே கிளம்புங்க செல்வமணியக்கா" என்றாள். நாலு பேர் முன்னால் நான் ஏட்டம்மா, தனியாக இருக்கையில் அக்கா. பயிற்சி எஸ்.ஐ.யாக வந்த காலத்தில் எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தாள். மஞ்சள்காமாலை வந்து கிடந்தபோது ஒரு மாதம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். அந்தப் பிரியம் இன்னும் இருக்கிறது அவளுக்கு.

வெளியூர் டூட்டிக்குப் போகிறவருக்கு இன்ஸ்பெக்டர் தரும் தாளை எங்கள் இலாகாவில் பாஸ்போர்ட் என்போம். தேதி போடாத இரண்டு பாஸ்போர்ட்டில், பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு ரைட்டரிடம் வைத்தேன். கிளம்புகிற அவசரத்துக்கு உதவும் என்று எல்லோரும் செய்வதுதான்.

முப்பிடாதியிடம் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களே போறியளா? அப்போ எம்பிள்ள வந்துருவா."

செப்டம்பர் 11

பல்லடம் இல்லை.

பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், விஜயஸ்ரீயின் போன். "அக்கா, அத ரெண்டு நாள் கழிச்சுப் பாப்போம். மேல இருந்து சொல்லிட்டாங்க. சேலையில காலேஜ் வாசலுக்குப் போங்க."

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிப் பிள்ளைகள் காசாப் போரைக் கண்டித்து ஞாயிற்றுக்கிழமை கூடப் போகிறார்களாம். யார் கூட்டுகிறார்கள், யார் பேசுகிறார்கள், யார் என்ன ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள் — எல்லாம் வேண்டுமாம். "எழுத்துல ஒண்ணும் கிடையாதுக்கா. வாய்மொழிதான்" என்றாள். எங்கள் ஸ்டேஷனில் இருந்து மட்டும் ஆறு பேரை உருவிவிட்டார்கள்.

கடல் தாண்டி எங்கேயோ குண்டு போடுகிறான். அதற்கு இந்தப் பிள்ளைகள் இங்கே அழுதால் யாருக்கு என்ன குறைந்துபோகும்? ஒரு பெண்ணைத் தேடிப் போகிற ஏட்டை நடுவழியில் நிறுத்துகிற அளவுக்கு?

செப்டம்பர் 12

கல்லூரிக்கு எதிரே பிச்சைக்கண்ணு அண்ணாச்சியின் சர்பத் கடை. நேற்றும் அங்கேதான் நின்றேன். "என்னம்மா, மகளுக்கு சீட்டு கேட்டு அலையுதியளா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

கூட்டத்தை நடத்துவது தஸ்மியா என்ற பெண். ஒல்லி உடம்பு, வெண்கலக் குரல். என்னிடமே வந்து நோட்டீஸ் நீட்டினாள். "அக்கா, நீங்களும் வாங்க." அதில் ஒரு படம். வெள்ளைத்துணியில் சுற்றிய குழந்தையை ஒரு தாய் மடியில் வைத்திருக்கிறாள். அந்த அரசியல் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முகத்தை வெகுநேரம் பார்க்க முடியவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவள் பெயரையும் வகுப்பையும் விஜயஸ்ரீக்கு அனுப்பினேன்.

முப்பிடாதி ஆறு தடவை அழைத்தாள். ஏழாவது தடவை எடுத்து, "ஆள் போயாச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

செப்டம்பர் 13

இன்றும் டவர் பல்லடம். இன்றும் நான் சர்பத் கடை.

செப்டம்பர் 14

பிள்ளைகள் நாற்பது பேர், போலீஸ் அறுபது பேர். அனுமதி இல்லை என்று மைக்கைப் பிடுங்கினோம். தஸ்மியா அசரவில்லை. "மைக்கு இல்லன்னா என்ன, எங்க உம்மா தெருமுனையில நின்னு கூப்பிட்டா மேலப்பாளையமே கேக்கும்" என்று சொல்லிவிட்டுத் தானே கோஷம் போட்டாள். சர்பத் கடையில் நின்ற எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பதினொரு பேரைப் பிடித்து மண்டபத்தில் வைத்து, வழக்கு எழுதி, சாயங்காலம் விட்டார்கள்.

நாலே முக்காலுக்கு சுடலைராஜ் செய்தி அனுப்பினான். மாரிக்கனி போன் அணைந்துவிட்டது.

செப்டம்பர் 16

ஒருவழியாக பல்லடம் அனுப்பினார்கள். தகரக்கூரை போட்ட லைன் வீடு. பூட்டு. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை பொழுது சாய வேன் வந்துதுங்க. மூணு புள்ளைங்களையும் ஏத்திட்டுப் போயிட்டாங்க. ஒண்ணு அழுதுட்டே போச்சுங்க."

பூட்டை உடைத்தோம். மூலையில் மாரிக்கனியின் துணிக்கடை அடையாள அட்டை கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய. நான் வியாழக்கிழமை பஸ் ஏறியிருக்க வேண்டியவள்.

அக்டோபர் 5

இன்று எங்கள் ஸ்டேஷனே பந்தோபஸ்தில். ஆளும் தரப்பே காசாவுக்காகக் கண்டனக் கூட்டம் போடுகிறது. பெரிய மேடை, பெரிய பிளெக்ஸ், இருபது ஒலிபெருக்கி. தஸ்மியா நோட்டீஸில் இருந்த அதே தாயின் படம், ஆள் உயரத்துக்கு. அன்றைக்குப் பிள்ளைகள் போட்ட அதே கோஷம். அன்றைக்கு மைக்கைப் பிடுங்கிய நாங்கள் இன்றைக்கு வயரை யாரும் மிதிக்காமல் காவல் நிற்கிறோம்!

ஒரு பத்திரிகைக்காரர் மேடையில் இருந்தவரிடம், மாணவர்களைப் போலீஸ் வேவு பார்த்ததா என்று கேட்டார். அப்படி யாரையும் கண்காணிக்கவே இல்லை என்றார் அவர். நான் பத்தடி தள்ளி நின்றேன். விஜயஸ்ரீ என்னைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 23

மெமோ வந்திருக்கிறது. எனக்கு.

முப்பிடாதி வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள். ஏன் ஐந்து நாள் யாரும் போகவில்லை என்று கோர்ட் கேட்டிருக்கிறது. அதற்கு எங்கள் பதில்: ஏட்டு செல்வமணி 11ஆம் தேதியே பல்லடம் செல்லப் பாஸ்போர்ட் பெற்றுக்கொண்டார், செல்லாமல் பணியில் மெத்தனம் காட்டினார். நகல் இணைத்திருக்கிறார்கள். என் கையெழுத்து என்னுடையதுதான். தேதியைப் போட்டது விஜயஸ்ரீயின் கை.

பாவி. என் வீட்டுச் சோத்த தின்னவ. கீழாநெல்லி அரைச்ச கையிலயே கையெழுத்து வாங்கி என் கழுத்த அறுத்துட்டாளே. போகாதன்னு போன் போட்டவளும் அவதான், போகலன்னு எழுதினவளும் அவதான்! எந்த வாய்ல இனி அக்கான்னு கூப்பிடுவா?

அக்டோபர் 24

கூப்பிட்டாள். அதே வாயால்தான்.

"அக்கா, அந்த நாலு நாள் டூட்டிய எழுத்துல காட்ட முடியாதுல்லா. இப்போ கவர்மெண்டே அவங்களுக்கு ஆதரவுன்னு நிக்குது. நாம அந்தப் பிள்ளைகள வேவு பாத்தோம்னு கோர்ட்ல சொல்லச் சொல்லுதியளா? உங்களுக்கு ஒரு இன்க்ரிமெண்ட் போகும். எனக்கு வேலையே போயிரும்."

"மாரிக்கனிக்கு என்ன போகும் மேடம்?" என்று கேட்டேன். பதினொரு வருஷத்தில் நாலு சுவருக்குள் அவளை மேடம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. ஃபைலைப் புரட்டினாள்.

அக்டோபர் 25

ஸ்டேஷன் வாசலில் முப்பிடாதி. "ஆள் போயாச்சுன்னியே. எங்கன போன நீ? ஒன்ன சாமின்னுல்லா நெனச்சேன்." நேற்றுவரை நீங்கள் என்றவள். மண்ணை வாரி எறிந்தாள். நான் துடைக்கவில்லை.

அக்டோபர் 28

வேறு வழி இல்லை. நான் நின்ற இடத்தைக் கண்டவர்களில் பயப்படாமல் சொல்லக்கூடியவர்கள் அந்தப் பிள்ளைகள் மட்டும்தான். தஸ்மியாவைத் தேடிப் போனேன். வழக்கால் ஹாஸ்டலை விட்டு நீக்கிவிட்டார்களாம். மேலப்பாளையத்தில் இருந்து வந்துபோகிறாள்.

"நான் போலீஸ்" என்று ஆரம்பித்தேன்.

"மொத நாளே தெரியும்க்கா. சேலையக் கட்டிட்டு காலுல காக்கி சாக்ஸ் போட்டா தெரியாதா?" நாலு நாளும் கூட்டாளிகளை விட்டு என்னைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள், தேதி நேரத்தோடு. நாளைக்கு எதுவும் ஆனால் காட்ட வேண்டும் என்று.

எல்லாவற்றையும் சொன்னேன். மாரிக்கனியின் பெயரைத் திரும்பக் கேட்டுக்கொண்டாள். பிறகு என் போனுக்குப் படங்களை அனுப்பினாள். "உங்களுக்காக இல்லக்கா. அந்தப் பொண்ணுக்காக. யாராவது ஒழுங்கா தேடுவீங்கன்னு."

மெமோவுக்குப் பதில் எழுதி, அந்தப் படங்களை இணைத்தேன்.

நவம்பர் 11

விசாரித்த டி.எஸ்.பி. படங்களைப் பார்த்தார், விஜயஸ்ரீயைப் பார்த்தார். "இது வெளியே போக வேண்டாம்" என்றார். மெமோ ரத்து. என்னை உவரிக்கு மாற்றியாயிற்று. விஜயஸ்ரீ அதே நாற்காலி. பாஸ்போர்ட்டில் தேதி எழுத்துப்பிழை என்று ஃபைலை மூடிவிட்டார்கள். இன்னும் கிடைக்காத மாரிக்கனியைப் பற்றி அந்த அறையில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

நவம்பர் 12

உவரிக்குப் போகும் முன் முப்பிடாதியிடம் நிரபராதி என்று காட்டிவிட வேண்டும் என்று போனேன். நான் சோம்பேறித்தனத்தில் போகாமல் இல்லை, என்னைப் போகவிடவில்லை — இது அவளுக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்தது.

உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். காலேஜ் வாசலில் நிற்கவைத்துவிட்டார்கள் என்று சொல்லி, போனை அவள் கையில் தந்தேன். கண்ணருகே கொண்டுபோய் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். வியாழன். வெள்ளி. சனி. ஞாயிறு படத்தில் நின்றுவிட்டாள். ஒரு கையில் சர்பத் டம்ளர். தஸ்மியா சொன்னதற்கு நான் சிரிக்கிறேன்.

"இது என்னைக்கு எடுத்தது?"

"ஞாயித்துக்கிழமம்மா. மூணு மணி."

"அப்போ அவ போனு வேல செஞ்சுதா?"

"செஞ்சுது."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள். திட்டவில்லை. மண்ணை வாரவில்லை.

"இத எனக்குக் காட்டாம இருந்திருக்கலாம்மா" என்றாள். பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.