ஓதோவா மண்டியிட மாட்டாள்

நெரிமா, தோக்கியோ
11 ஜூன் 2019

கென்சாகு அவர்களுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது, உடல்நலம் எப்படி என்றெல்லாம் முறைப்படி விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். அதற்குப் பொறுமை இல்லை. விவாகரத்துக்குப் பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அது கோபக் கடிதமாக இருக்க வேண்டுமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

நேற்று ஸ்டூடியோவிலிருந்து திரைக்கதை வந்தது. முப்பது வருஷம் கழித்து நம் கார்ட்டூன் தொடர் 'துறைமுக இரவுகள்' சினிமாவாக வருகிறது, மறுபடி நீங்களே எழுதுகிறீர்கள், ஓதோவாவுக்கு மறுபடி என் குரல்தான் என்று கேட்டபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். தேநீரை ஆறவிட்டு ஒரே மூச்சில் படித்தேன். துப்பறியும் குசாகாவின் சட்டைப்பையிலிருந்து ஓதோவா சாவியை எடுத்துக்கொண்டு அவனுக்கே நன்றி சொல்கிறாளே, அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அதே திமிர், அதே ஓதோவா. கடைசிப் பத்துப் பக்கம் வரை.

அந்தப் பத்துப் பக்கத்தில், கொட்டும் மழையில், துறைமுகப் படிக்கட்டில் மண்டியிட்டு ஒருத்தி அழுகிறாள். "என்னை மன்னிச்சிடு குசாகா. உன்னை விட்டுட்டுப் போனது தப்பு."

யார் அந்த அம்மாள்? எனக்கு அறிமுகமில்லை.

போன மாதம் இகெபுகுரோவில் ரசிகர் கூட்டம் நடந்தது. பச்சைக் கோட்டும் உதட்டுக்குக் கீழே மையால் வைத்த மச்சமுமாக எத்தனை ஓதோவாக்கள்! பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி கையெழுத்து வாங்க வந்தாள். தொடர் முடிந்தபோது அவள் அம்மாவே சின்னப் பெண்ணாக இருந்திருப்பாள்.

"இவளை எப்படிம்மா உனக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அம்மா பாத்தாங்க, நானும் பாத்தேன். மேடம், ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன்!"

"என்னத்தை?"

"அதான்... 'அதனால என்ன?'"

சொன்னேன். வரிசை முழுக்கக் கூச்சல். எனக்கு அறுபத்தாறு வயது என்பது எனக்கே மறந்துபோனது.

'அதனால என்ன' என்று கேட்டே இத்தனை காலம் வாழ்ந்தவளை மண்டியிட வைத்திருக்கிறீர்கள். அந்த வசனத்தை நான் பேசமாட்டேன். தயாரிப்பாளர் ஹோசகாவிடம் சொல்லும் முன் உங்களிடம் சொல்கிறேன். மாற்றிவிடுங்கள்.

மினெகோ


மட்சுமோதோ
20 ஜூன் 2019

மினெகோவுக்கு,

நீ முறையை விட்டாலும் நான் விடமாட்டேன். இங்கே நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை. மலை உச்சியில் மட்டும் பழைய பனி கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நீ நலம்தானே? உன் கடிதத்தைப் படித்தபோது குரல் அப்படியே காதில் கேட்டது. குறையவே இல்லை.

ஓதோவாவுக்கு ஊரெல்லாம் ரசிகர்கள். அவள் படம் போட்ட காப்பி டப்பா எங்கள் ரயில் நிலையத்தில்கூட விற்கிறது. சரி. குசாகா என்று ஒருவன் இருந்தானே, அவனைப் பற்றி யாராவது நினைத்தீர்களா? அவள் பின்னால் ஓடி வேலையை இழந்தான். காலில் குண்டு வாங்கினான். கடைசியில் அவள் கப்பல் போவதைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றான். போனவளுக்குக் கைதட்டல். நின்றவனுக்கு? கிழவனான பிறகாவது அவன் காதில் ஒரு நல்ல வார்த்தை விழக் கூடாதா?

ஹோசகாவுக்கு இந்த முடிவு பிடித்திருக்கிறது. "சார், தியேட்டரே அழும்" என்கிறாள்.

ஓதோவா நீதான் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதியதை நீயும் நம்பிவிடாதே. ஓதோவா நீ அல்ல. உன்னைப் பார்ப்பதற்கு முன்பே அவள் என் மனதில் இருந்தாள்.

டிசம்பரில் இதயத்தில் சின்னத் தகராறு. சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். திரைக்கதையில் பாதி அங்கே எழுதியதுதான். அதனால் ஈரம் கொஞ்சம் கூடியிருக்கலாம். இப்போது தங்கை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. உப்பைத்தான் நிறுத்திவிட்டார்கள். இந்த ஊருக்கே பெயர்வாங்கித் தந்த நூடுல்ஸ் எனக்கு மட்டும் வெந்நீரில் போட்ட நூல்.

மாற்ற முடியாது, மினெகோ. பேசிக் கொடுத்துவிடு.

கென்சாகு


நெரிமா, தோக்கியோ
3 ஜூலை 2019

கென்சாகு,

இதயத்தைப் பற்றிச் 'சின்னத் தகராறு' என்று எழுத உங்களால்தான் முடியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியாக வேண்டிய உறவு எதுவும் மிச்சமில்லை, தெரியும். இருந்தாலும் சொல்லியிருக்கலாம். மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறீர்களா? இன்னும் அந்த ஊர் நூலகத்து மேட்டில் சைக்கிளில் ஏறுகிறீர்களா? இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள்.

உங்கள் பதில் வந்ததும் ஹோசகாவைப் போய்ப் பார்த்தேன். பாவம், நல்ல பெண். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அவள் நின்றுகொண்டே பேசினாள்.

"மேடம், உங்க குரலைக் கேட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். ஆனா வசனம் பேசமாட்டேன்னு நீங்க சொன்னா, நான் வேற ஒருத்தரைப் பாக்க வேண்டி வரும்."

"பாரும்மா."

"கோவிச்சுக்கிட்டீங்களா?"

"சேச்சே. அழறவ வேற பொம்பளை. அவளுக்கு வேற குரல்தான் பொருந்தும்."

மிடுக்காகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ரயிலடிக் குழம்புச் சோற்றுக் கடையில் போய் உட்கார்ந்தேன். இந்த ஓதோவாவை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது? கதாநாயகனின் அம்மா. மருந்து விளம்பரம். போன வருஷம் பேசும் ரைஸ் குக்கர் ஒன்றுக்குக் குரல் கொடுத்தேன். "சோறு தயார்." அவ்வளவுதான் வசனம்.

இகெபுகுரோ கூட்டத்துக்கு வந்த இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கவாசாகியில் நகரப் பேருந்து ஓட்டுகிறாள், நாற்பது தாண்டியவள். பச்சைக் கோட்டெல்லாம் போடவில்லை. வேலை உடுப்பிலேயே வந்திருந்தாள். "மேடம், எம்புருஷன் கை நீட்டுவான். ஒரு நாள் பொண்ணைத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். படியிறங்குறப்ப ஓதோவா எப்படி நடப்பா, எப்படி நடப்பான்னு அதையே நினைச்சுக்கிட்டு நடந்தேன். திரும்பிப் பாக்கல" என்றாள். சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அழகி என்பதாலோ, ஆண்களை ஏமாற்றுகிறாள் என்பதாலோ இத்தனை வருஷம் ஒரு சித்திரம் உயிரோடு இருக்காது, கென்சாகு. அழகிகளும் ஏமாற்றுக்காரிகளும் வாரத்துக்கு ஒருத்தி தொலைக்காட்சியில் வருகிறார்கள், அடுத்த வாரம் காணாமல் போகிறார்கள். ஓதோவா போக வேண்டிய இடத்துக்குப் போனாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அப்படி ஒருத்தியையாவது பார்த்துவிட வேண்டும் என்று எத்தனையோ பேருக்கு ஆசை. அவளைப் படைத்தது நீங்கள்தான். ஆனால் தொடர் முடிந்த வாரமே, "இதோட நிறுத்திடு மினெகோ, கல்யாணமானவளுக்கு இந்தக் குரல் எதுக்கு?" என்று என்னிடம் கேட்டதும் நீங்கள்தான்.

நான் உங்களை ஏமாற்றவில்லை. சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

அதனால் நேராகவே கேட்கிறேன். இந்த மன்னிப்பை யாரிடம் எதிர்பார்க்கிறீர்கள்? அவளிடம் என்றால், அவள் தரமாட்டாள். என்னிடம் என்றால், தியேட்டரில் ஊரைக் கூட்டி வைத்து வாங்காதீர்கள். தபால்தலை ஒட்டிக் கேளுங்கள்.

மினெகோ


மட்சுமோதோ
29 ஆகஸ்டு 2019

மினெகோவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையில் காற்று கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.

உன்னிடம்தான் கேட்டேன். ஓதோவா நீ அல்ல என்று எழுதினேனே, அதையும் என்னை நானே நம்பவைக்கத்தான் எழுதினேன்.

தபாலில் கேட்கச் சொன்னாய். சரி என்று தாளை எடுத்துவைத்தேன். 'நீ செய்த' என்று ஆரம்பித்தேன். என்ன செய்தாய் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அன்றைக்கு முடியவில்லை. அடுத்த வாரமும் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. கோபம் மட்டும் பத்திரமாக இருந்தது. அதற்கான காரணத்தைத்தான் காணவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒருத்தி, செரிசாவா என்று பெயர். அவள் பேனாவில் ஒரு பொம்மை தொங்குகிறது. பச்சைக் கோட்டு.

"இது யாருன்னு தெரியுமா தாத்தா?" என்றாள்.

"கொஞ்சம் பழக்கம்" என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் என்னை நடக்கவிடாமல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். "நிஜமாவா? புதுப் படத்துல அவங்களைச் சாகடிச்சிட மாட்டீங்களே?"

"சாகடிக்கல. மன்னிப்புக் கேக்குறா."

அவள் முகம் வாடிவிட்டது. "யாரு, ஓதோவாவா? அதுக்குச் சாகடிச்சிடலாமே தாத்தா."

வீட்டுக்கு வந்து அந்த வசனத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். உன் குரலை நினைத்துக்கொண்டு, பல தடவை. ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே நீ சிரித்துவிட்டாய்.

கடைசிக் காட்சியை மாற்றிவிட்டேன். மழை இல்லை. மண்டியிடுவது இல்லை. குசாகா துறைமுகத்தில் நிற்கிறான், அவள் வருகிறாள். அவன் ஒன்றும் கேட்பதில்லை. "வந்துட்டியா" என்கிறான். அதற்கு அவள் சொல்லும் பதிலை நான் எழுதவில்லை. 'மினெகோ முடிவு செய்வார்' என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

ஹோசகா போனில் கத்தினாள். "சார், என்ன பேசுறாங்கன்னு தெரியாம வாயசைவை எப்படி வரையறது?"

"கேமராவுக்கு முதுகைக் காட்டி நிக்கச் சொல்லும்மா" என்றேன்.

பென்சிலால் எதையோ கிறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். உனக்கும் இந்த வாரம் போன் செய்வாள்.

மிளகாய்ப் பொடி போட்டால் உப்பில்லாத நூடுல்ஸ் பரவாயில்லை என்று கண்டுபிடித்திருக்கிறேன்.

கென்சாகு


நெரிமா, தோக்கியோ
14 நவம்பர் 2019

அன்புள்ள கென்சாகு,

எங்கள் தெருவில் மரங்களெல்லாம் மஞ்சளாகிவிட்டன. உங்கள் ஊரில் இதற்குள் உதிர்ந்தே போயிருக்கும். குளிரில் நெஞ்சைப் போர்த்திக்கொண்டு வெளியே போங்கள். பாருங்கள், இந்த முறை முறைப்படியே ஆரம்பித்துவிட்டேன்.

நேற்று பதிவு முடிந்தது. படம் பாதிக்கு மேல் இன்னும் பென்சில் கோடுதான். கடைசிக் காட்சியில் கடல்கூட இல்லை, வெறும் வெள்ளை. அதில் கோட்டுருவமாக அவள் முதுகும், எதிரே அவனும்.

என்ன சொல்வது என்று இரண்டு மாதமாக யோசித்தேன். 'அதனால என்ன' என்று சொல்லலாம், கைதட்டல் நிச்சயம் என்றாள் ஹோசகா. வேண்டாம் என்று தோன்றியது. சின்னச் சின்னதாக எத்தனையோ வசனம் எழுதி வைத்துக்கொண்டு போனேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோரும் காத்திருந்தார்கள். பழைய குசாகாவுக்குக் குரல் கொடுத்தவர் காலமாகிவிட்டதால் இப்போது ஒரு புதுப் பையன் பேசுகிறான். பதற்றத்தில் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் நன்றாகச் சொன்னான்.

"வந்துட்டியா."

நான் திரையைப் பார்த்தேன். உங்கள் குசாகாவை வயதாக்கி வரைந்திருக்கிறார்கள். சட்டை தோளில் நிற்கவில்லை, கழுத்து மெலிந்துவிட்டது. எழுதிக்கொண்டு போனது எதுவும் வாயில் வரவில்லை.

"இளைச்சுப் போயிட்டியே" என்றேன்.

ஓதோவாவின் குரலில்தான். குழையவில்லை, அழவும் இல்லை. சொல்லிவிட்டு, திரையில் அவள் அவனைத் தாண்டி நடந்து போகும் வரை காத்திருந்தேன். அந்தப் பையனுக்கு அதற்கு மேல் வசனம் இல்லை. ஆனாலும் தன்னையறியாமல் மெல்லச் சிரித்துவிட்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தார். ஹோசகா முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசும் பொத்தானை அழுத்தினாள். "மேடம், இன்னொரு தடவை கேக்கலாம்னுதான் இருந்தேன். வேணாம். அந்தச் சிரிப்பும் அப்படியே இருக்கட்டும்."

கடைசி நேரத்தில் நான் மறுத்துவிட்டால் எனக்குப் பதிலாகப் பேச ஒருத்தியை வரவழைத்து வைத்திருந்தார்களாம். அவளும் கதவோரமாக நின்று கேட்டிருக்கிறாள். வெளியே வந்ததும் குனிந்து வணங்கிவிட்டு, "நல்லவேளை, எனக்கு அந்த வேஷம் கிடைக்கல மேடம்" என்றாள். இருபத்தைந்து வயதுகூட இராது. அவள் கைப்பையிலும் ஓதோவா பொம்மைதான். நாளைக்கு என் குரல் நின்றுபோனாலும் இவர்கள் அவளை நிற்கவிட மாட்டார்கள். அந்தக் கவலை எனக்குத் தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மட்சுமோதோ வருகிறேன். திரும்பிப் போக மாலை ரயிலுக்கும் சீட்டு வாங்கிவிட்டேன், ஆகவே உங்கள் தங்கையிடம் எதையாவது சொல்லி ஊரைக் கூட்டிவிடாதீர்கள். ஓதோவாவுக்கு அவனைக் கண்ணால் பார்க்க முடிந்தது. நான் உங்களைப் பார்க்காமலே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சரியாகத்தான் சொன்னேனா என்று பார்க்க வேண்டும்.

ஸ்டேஷனுக்கு வராதீர்கள். அங்கே படிகள் அதிகம். வழி கேட்டு வந்துவிடுகிறேன்.

மினெகோ