புரட்டாசியில் புழு டப்பா

மீனுக்கு ஆள் தெரியுமா? தெரியும் என்கிறார் உங்கள் அம்மா. நீங்கள் போனதிலிருந்து உங்கள் இரண்டு டிஸ்கஸ் மீன்களும் சரியாகத் தின்பதில்லை. மகனைத் தேடுகின்றன என்பது அவர் கட்சி. உங்களை எடுத்த அன்றைக்கு ஆட்கள் நிற்க இடம் வேண்டுமென்று தொட்டியை மூலைக்கு நகர்த்தினார்கள், பாதித் தண்ணீரை இறைத்தார்கள், பகல் முழுக்க ஊதுவத்திப் புகை. காரணம் அதுவாகவும் இருக்கலாம் என்று நான் சொன்னேன். "நீ படிச்சவ. உனுக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்து போனார்.

இதை எழுதும்போது என் உள்ளங்கையில் புழு வாசனை அடிக்கிறது. சோப்பு போட்டுக் கழுவியும் போகவில்லை. தூர் வாரிய வாய்க்காலின் ஓரத்தில் நிற்கிற மாதிரி ஒரு வாசனை. காலையில் நீங்கள் தோசைத் தட்டை வாங்கும் கையில் எப்போதும் இருந்தது.

கடையில் விற்கும் குளிகை உணவைப் போட்டால் இந்த மீன்கள் வாயில் வாங்கித் துப்பிவிடும். உயிருள்ள புழுதான் வேண்டும். அதனால் நெல்லித்தோப்பு வளர்ப்பு மீன் கடையிலிருந்து நீங்கள் வாராவாரம் ஒரு பொட்டலம் வாங்கி வருவீர்கள். நூல் நூலாகச் சிவப்புப் புழுக்கள், ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகக் கிடக்கும். அகலமான சாப்பாட்டு டப்பாவில் பரப்பி, மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பீர்கள். காலையும் மாலையும் எடுத்து அலசி, வெளுத்துப்போனதை வடித்துக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர். அதுவும் முதல்நாளே பிடித்து வைத்த தண்ணீர்; குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்கும். "நெறைய ஊத்தக் கூடாது, மூச்சு முட்டிடும்" என்பீர்கள். தண்ணீருக்குள் வாழ்கிற ஒன்றுக்குத் தண்ணீரால் மூச்சு முட்டுமா என்று நான் கேட்டேன். ஆழம் கூடினால் அடியில் காற்று சேராது என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து நீங்களே விளக்கம் சொன்னீர்கள். அது சரிதான்.

அத்தை முதல் தடவை அந்த டப்பாவைத் திறந்தது நினைவிருக்கிறதா? நான் பொரியலுக்குத் துருவி வைத்த பீட்ரூட் என்று நினைத்து, கடுகு தாளித்துவிட்டு மூடியைத் திறந்தார்.

"டேய், அசையுதுடா!"

"உயிரோட இருந்தா அசையாதாம்மா?"

"சோறு வைக்கிற பொட்டியில இன்னாடா இது அசைவம்!"

"செத்ததைத் திங்கறதுதாம்மா அசைவம். இதுதான் சாவலையே."

"அசையுது இல்ல? அப்ப அசைவம்தான்."

நீங்கள் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அன்று போட்ட சட்டம் அப்படியே நின்றது: புரட்டாசி மாதம் முழுக்க அந்த டப்பா ஃப்ரிட்ஜில் இருக்கக் கூடாது. மாதம் பிறப்பதற்கு முன்தினம் அத்தை ஃப்ரிட்ஜைக் காலி செய்து, மஞ்சளும் கல்லுப்பும் கரைத்த தண்ணீரால் துடைப்பார். நீங்கள் புழுவை மண்சட்டிக்கு மாற்றிப் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் வைத்து, மேலே ஈரத்துணி போடுவீர்கள். வெயிலில் பாதி செத்துவிடும். மறுபடி போய் வாங்கி வருவீர்கள். இரண்டு பேருமே விட்டுக்கொடுத்ததில்லை.

இந்தப் புரட்டாசி நீங்கள் இல்லாமல் வந்தது. துக்க வருஷம் என்று பெருமாளுக்குத் தளிகை கிடையாது. ஆனாலும் அத்தை ஃப்ரிட்ஜைத் துடைத்தார். அவர் சொல்லாமலே நான் புழுவைச் சட்டிக்கு மாற்றிக் கொல்லைப்பக்கம் வைத்தேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. கடைக்குப் போனால் புழு இல்லை. "மழை பேஞ்சா வாய்க்கால்ல எல்லாத்தையும் அடிச்சிக்கினு போயிடும் மேடம். தண்ணி வடிஞ்சாதான் புழு" என்றார் கடைக்காரர். மீன்களைத் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். "சார் இருந்தாரு, பாத்துக்கினாரு. உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு? ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டாறேன்." நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு மீன் வளர்க்கத் தெரியாது. கல்லூரிக்குப் போய்வந்து, வீட்டையும் பார்த்து, புழுவும் அலச முடியாது. அத்தையிடம் சொன்னேன். தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சட்டியில் மிஞ்சியது ஒரு பிடிப் புழு. ஞாயிறு வரை அது தாங்கினால், தின்னக் கொடுத்துத் தெம்போடு அனுப்பலாம் என்று எண்ணினேன். மழைவிட்டுப் புழுக்கம் அதிகமாகிச் சட்டி ஓரமெல்லாம் வெளுக்கத் தொடங்கியது.

இன்று, வெள்ளிக்கிழமை, கல்லூரியிலிருந்து வந்தால் சட்டி கவிழ்ந்து காய்கிறது. அத்தை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஐஸ் பொட்டியில வெச்சிட்டேன்" என்றார்.

"எதை?"

"அதைத்தான். வெளிய வெச்சி வெச்சிச் சாவடிக்கிறியே."

"பொரட்டாசி ஆச்சே அத்தை."

"அதுக்குத்தான் மஞ்சத்தண்ணி தெளிச்சேன்."

ஃப்ரிட்ஜைத் திறந்து கீழ்த்தட்டைப் பார்த்தேன். உங்கள் பழைய டப்பாதான். எங்கே தேடி எடுத்தாரோ, அதில் புழுவைக் கொட்டி, ஃப்ரிட்ஜுக்கு எந்தத் தீட்டும் வரக்கூடாதென்று டப்பாவுக்குள்ளும் சேர்த்துத் தெளித்திருக்கிறார். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. நாக்கில் வைத்துப் பார்க்காமலே எனக்குத் தெரியும், அதில் கல்லுப்பும் இருக்கும். விரலால் தொட்டேன். சுருங்கவில்லை. ஒன்றுகூடச் சுருங்கவில்லை.

"உயிரோடதான இருக்கு?" என்று அத்தை கேட்டார்.

இல்லை என்று சொல்லவேண்டியவள் நான்தான். சொன்னேன். மஞ்சள் ஒன்றும் செய்திருக்காது, உப்பு ஆகாது என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரும் காரணம் கேட்கவில்லை. அத்தை டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக் கொல்லைக்குப் போனார். கொட்டுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் உள்ளே வரவில்லை.

உங்களிடம் சொல்வதற்கு என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. அழுகிறவர்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். எனக்கு அது சரியாக வரவில்லை. உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது விரலில்தான் இருக்கிறது. புழுவைத் தொட்டவுடன் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது. இவ்வளவு காலம் பக்கத்தில் நின்று பார்த்ததில் ஒட்டியிருக்கும்.

இதை இங்கே முடிக்க நினைத்தேன். மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை. அரியாங்குப்பத்திலிருந்து கூடை கொண்டுவரும் மீன்காரம்மா தெருமுனையில் போய்க்கொண்டிருந்தாள். அத்தை வாசலுக்கு ஓடிக் கூப்பிட்டு, இறால் இருக்கிறதா என்று கேட்டார்.

"இன்னா ஆயா, பொரட்டாசி சனிக்கெழமை எறா கேக்கற? சாமி கண்ணைக் குத்திடும்."

"எனக்கா கேட்டேன்? எம்புள்ள வளக்கறதுங்களுக்கு. பொடியா இருக்கறதா பாத்துக் குடு."

கொல்லையில் பலகை போட்டு உட்கார்ந்து, தோலுரித்து, நகத்தளவை விடச் சிறிதாக நறுக்கினார். அவரே தொட்டியில் போட்டார். பெரிய மீன் வந்து ஒரு துண்டை இழுத்தது, துப்பியது, மறுபடி இழுத்து விழுங்கியது. பிறகு இன்னும் சிலவற்றைத் தின்றது. சின்னது மூலையை விட்டு வரவில்லை. மதியம் போட்டபோதும் வரவில்லை.

அத்தை குளிக்கப் போனபோது நான் கடைக்காரருக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்றேன். சின்னது தின்னவில்லை என்பதையும் சொன்னேன்.

"ஒண்ணு செத்துடும் மேடம்."

"செத்தாலும் செத்துடும்" என்றேன். வாய்க்கால் வடிந்து புழு வந்ததும் எனக்கு ஒரு பொட்டலம் எடுத்து வைக்கச் சொன்னேன்.