மௌன நடையில் ஒருவர்

மேட்டுக் குடில், நிலவின் தென்முனை
பணியில்: அமலோற்பவம், தகவல் தொடர்பு
அடுத்து இங்கே பணிக்கு வருபவருக்காக

ஆடி 9, 08:00

அலைவாங்கி சரி. மின்கலம் நிறைவு. காற்று வடிகட்டி மாற்றப்பட்டது. கீழே பள்ளத்தில் நடமாட்டம் இல்லை.

புதிதாக வருபவர் கவனிக்க: சுவரில் இருக்கும் பலகையில் ஒவ்வொரு விண்ணுடைக்கும் ஒரு பச்சை விளக்கு உண்டு. வெளியே இருப்பவர் தன் ரேடியோவைத் திறந்து வைத்திருந்தால் எரியும். உடைகள் பழையவை. மார்பில் உள்ள குமிழைத் திருப்பினால் பேசுவது, கேட்பது இரண்டுமே நின்றுவிடும்.

பணி சாராத குறிப்பு ஒன்று. விடிவெள்ளிப் படையின் தலைவர்களுக்குக் கட்டாயப் பயிற்சி என்ற தீர்மானம் இன்று குடியிருப்புக் குழுவில் நிறைவேறியது. ஞாயிறுகளில் குடியிருப்புப் பிள்ளைகளை வெளியே நடக்க அழைத்துப்போகும் தன்னார்வலர்கள் இவர்கள். இதுவரை நல்ல மனது ஒன்றே தகுதியாக இருந்தது. பாடம் எழுதும் பொறுப்பு எனக்கு.

ஆடி 14, 08:10

கருவிகள் சரி.

ஏன் இந்தப் பயிற்சி என்று எழுதி வைக்கிறேன். படையின் பெருமை மௌன நடை. பள்ளத்தின் விளிம்பில் எல்லாரும் ரேடியோவை அணைத்துவிட்டு, அடிவானத்தில் நிற்கும் பூமியைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நிற்பார்கள். பெரியவர் முதலில் அணைப்பார், பிறகு மற்றவர்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது போல அது ஒரு மரியாதை.

சென்ற ஆண்டு அந்த மௌனத்தில் ஜெர்லின் என்ற பதின்மூன்று வயதுப் பெண்ணின் கையுறை கசிந்தது. அவள் ரேடியோவைத் திறந்து கூப்பிட்டாள். பக்கத்தில் பதினொரு பேர் நின்றார்கள், யாருக்கும் கேட்கவில்லை. நடந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் தூரத்தில், இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கேட்டேன். கடைசியில் அவள் "ஆன்ட்டி, யாரையாவது திரும்பிப் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஆடி 22, 09:30

முதல் வரைவில் மௌன நடையை நீக்கியிருந்தேன். சுடலைமணி அண்ணாச்சி ரேடியோவில் வந்தார். படையின் மூத்த தலைவர். ஜெர்லினின் உடலைச் சுமந்து திரும்பியவரும் அவர்தான்.

"ஏம்மா, இருவது வருசமா பிள்ளையளக் கூட்டிட்டுப் போறேன். இப்பம் பரீட்சை எழுதச் சொல்லுதிய. சிலேட்டும் பலப்பமும் சேத்து அனுப்புங்க, ஆனா ஆவன்னாவுல இருந்து ஆரம்பிக்கேன்."

சிரித்துவிட்டேன். பிறகு அவர் குரல் தணிந்தது. மௌன நடையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் உடற்பயிற்சி என்றார். அதை எடுத்தால் தானும் இல்லை, தன்னுடன் இருக்கும் யாரும் இல்லை என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். அது இன்னும் கஷ்டம்.

இறுதியில் இப்படி எழுதினேன்: "மௌன நடையின்போது தலைவர்களில் ஒருவர் ரேடியோவைத் திறந்து வைத்திருக்க வேண்டும்." எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்கும் நிம்மதி.

ஆவணி 6, 08:00

மின்கலம் சற்றுக் குறைவு. கவலையில்லை.

எழுத்துத் தேர்வு முடிந்தது. எல்லாரும் முழு மதிப்பெண். ஒன்பதாம் கேள்விக்கு ஒவ்வொருவரும் என் வாக்கியத்தை எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறார்கள். தலைவர்களில் ஒருவரான பேச்சியம்மாள் வீட்டில் கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் எழுதி, பிறகு பிரியாணி சாப்பிட்டதாகக் கேள்வி.

அடுத்தது களப் பயிற்சி, இரண்டு நாள். வெளியே போய், ரேடியோவை அணைத்து, ஒருவரை விழச் சொல்லிப் பார்ப்பது. படை முழுவதற்கும் தலைவரான ரெங்கநாயகம் அதை வேண்டாம் என்றார்.

"சம்பளமாம்மா குடுக்கோம்? லீவு நாள விட்டுட்டு வாறவங்கள மண்ணுல போட்டு உருட்டினா ஒருத்தரும் வர மாட்டாங்க. பாஸ் பண்ணிட்டாங்கள்லா, சான்றிதழக் குடுங்க."

ஒன்றுமே இல்லாததற்கு இதாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆவணி 19, 10:02

பள்ளத்தில் முதல் நடை. ஒன்பது பிள்ளைகள், மூன்று தலைவர்கள்: அண்ணாச்சி, பேச்சியம்மாள், இளையவர் ரூபன். பன்னிரண்டு விளக்குகளும் எரிகின்றன.

10:31

மௌனம் தொடங்கியது. முதலில் அண்ணாச்சியின் விளக்கு அணைந்தது. பிள்ளைகளுடையவை ஒவ்வொன்றாக. பிறகு ரூபன். பிறகு பேச்சியம்மாள்.

பலகை இருட்டு.

10:33

இல்லை. ஒன்று எரிய வேண்டும். விளக்கு பழுதா என்று பார்த்தேன். பழுது இல்லை.

10:40

சூரிய நிலையத்திலிருந்து எச்சரிக்கை: "சூரியனில் பெரும் வெடிப்பு. துகள் புயல் நாற்பது நிமிடத்தில். வெளியே இருப்பவர்கள் உடனே பதுங்க வேண்டும்."

நான் அனுப்பியது: "பள்ளத்துக் குழு, பள்ளத்துக் குழு. மேட்டுக் குடில் பேசுகிறேன். பதுங்கு குழிக்குள் போங்கள்." ஐந்து முறை. குடியிருப்பிலிருந்தும் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். வண்டி வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

10:44

குடிலின் பெருவிளக்கை அவர்கள் பக்கம் திருப்பி அணைத்து அணைத்துப் போட்டேன். தொலைநோக்கியில் தெரிகிறார்கள். பன்னிரண்டு முதுகுகள். எல்லாரும் பூமியைப் பார்க்கிறார்கள். எவ்வளவு ஒழுங்காக நிற்கிறார்கள்.

10:46

நடந்தால் இருபது நிமிடம். திரும்பி மேடேற அதற்கு மேல். போகிறேன்.

11:24, உடையின் குரல்பதிவிலிருந்து

அண்ணாச்சியின் தோளைத் தொட்டேன். ஆள் நடுங்கிப்போனார். சைகையில் சொன்னேன், ரேடியோவைத் திறந்தார். பிள்ளைகளைப் பதுங்கு குழிக்குள் இறக்கிவிட்டோம். உள்ளே பன்னிரண்டு பேருக்குத்தான் காற்று. புயல் ஒரு நாள் முழுக்க நீடிக்கலாம்.

"நீங்க உள்ள போங்கம்மா. நான் நிக்கேன்."

"பிள்ளைங்க உங்க சத்தத்துக்குத்தான் அடங்கும், அண்ணாச்சி. கதவ மூடுங்க."

அவர் உள்ளே இறங்கினார். கதவு மூடிக்கொண்டது.

மேடேறுகிறேன். உடையில் கதிர்வீச்சை அளக்கும் கதிர்மானி கத்தத் தொடங்கிவிட்டது. அணைத்துவிட்டேன். தெரிந்த செய்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

ஆவணி 20, 16:00

குடிலில் இருக்கிறேன். நான்கு முறை வாந்தி. புயல் காலையில் ஓய்ந்தது. பிள்ளைகள் பத்திரமாகக் குடியிருப்புக்குத் திரும்பிவிட்டார்கள், நடந்தே. புயலில் வண்டியின் மின்னணுச் சுற்றுகள் கருகிவிட்டன. வாந்தி நிற்காமல் நான் விண்ணுடை போட முடியாது. தலைக்கவசத்துக்குள் வாந்தி வந்தால் மூச்சு நின்றுவிடும். மருத்துவர் நடந்து வந்து பார்த்தார், ஊசி போட்டார், வண்டி சரியாகும்வரை படுத்திருக்கச் சொன்னார். கதிர்மானியின் எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

ரூபன் ரேடியோவில் அழுதான். "அண்ணாச்சி அணைச்ச பொறவு அவரு முன்னால நான் மட்டும் எப்படிக்கா வச்சுக்கிட்டு நிக்க? பேச்சியக்கா வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்." பேச்சியம்மாள், இளையவன் ரூபன்தானே, அவன் வைத்திருப்பான் என்று நினைத்திருக்கிறாள். அண்ணாச்சி, இரண்டு பேர் இருக்கிறார்களே என்று.

மூவரும் தேர்வில் சரியாகத்தான் எழுதினார்கள். "ஒருவர்" என்று. எந்த ஒருவர் என்று நான் எழுதவில்லை. களப் பயிற்சி நடந்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ஆவணி 21, 11:20

ரெங்கநாயகத்தின் அறிவிப்பு பொது அலைவரிசையில் வந்தது: "கட்டாயப் பயிற்சியின் பயனாக அனைத்துப் பிள்ளைகளும் நலமாகத் திரும்பினர் என்பதைப் பெற்றோருக்கு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

இரண்டு முறை கேட்டேன். காதில் இரைச்சல் இருப்பதால் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று.

கூப்பிட்டேன். விதியைத் திருத்துங்கள், ஒவ்வொரு நடைக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், ஒரு வரிதான் என்றேன். முதலில் உடம்பைப் பார்க்கச் சொன்னார். "அதெல்லாம் இப்ப எல்லாருக்கும் தெரியும்மா. சான்றிதழ் குடுத்தாச்சு. மாத்தினா பயிற்சியே தப்புன்னு ஆயிரும்."

ஆவணி 22, ?

கடிகாரம் மங்கலாகத் தெரிகிறது. கை வீங்கியிருக்கிறது. ஒரு விரலால் தட்டுகிறேன்.

அண்ணாச்சி பேசினார். அவரை விலக்கிவிட்டார்கள். தவறு இவருடையது என்று பெற்றோரிடம் காட்ட ஒரு முகம் வேண்டும். சம்பளம் இல்லாத ஆள், விலக்க ஒரு வார்த்தை போதும்.

"போகட்டும்மா. என்னைத் திரும்ப விட்டா இனி சாகுற வரைக்கும் அந்தக் குமிழத் தொட மாட்டேன். அதுதான் எனக்குப் பயிற்சி. அதுக்குச் சான்றிதழ் கெடயாதே."

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். இரண்டு பேரும் சற்று நேரம் ரேடியோவை வைத்துக்கொண்டு சும்மா இருந்தோம். யாரும் அணைக்கவில்லை.

ஆவணி 23, காலை

முடி தலையணையோடு வருகிறது. வண்டி நாளை என்கிறார்கள்.

பள்ளத்தில் ஆள். மறுபடியுமா. பெற்றோரின் பயத்தைப் போக்க, ஞாயிறுவரைகூடக் காத்திருக்காமல், இரண்டாம் குழுவை அனுப்பியிருக்கிறார்கள். மூன்று புதிய தலைவர்கள். மூவருக்கும் என் கையெழுத்தில் சான்றிதழ். பன்னிரண்டு விளக்கு.

அவர்களிடம் பேசினேன். யார் வைத்திருப்பது, பெயரைச் சொல்லுங்கள் என்றேன். ஒரு பெண் குரல், மரியாதையாக: "கவலப்படாதீங்க மேடம். படிச்சிருக்கோம். ஒருத்தர் வச்சிருப்போம்."

எந்த ஒருத்தர் என்று நான் கேட்பதற்குள்

பிறகு

அணைகின்றன. பிள்ளைகளுடையவை முதலில். பெரியவர் யாரும் இல்லாததால் இன்று வரிசை மாறியிருக்கிறது.

மூன்று எரிகிறது.

இரண்டு. யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பாருங்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பெயர்கூட எனக்குத் தெரி

ஒன்று.

ஒன்று எரிகிறது. இன்னும் எரிகிறது. கூப்பிடுகிறேன், கேட்கிறதா, மேட்டுக் குடில், அமலோற்பவம், கேட்டால் குமிழைத் தொடாதே அம்மா, நீதான் அந்த

பலகை இருட்டு.