ஒலே சொல்ல வேண்டிய இடம்

6.9.1994, செவ்வாய்

எங்கள் கட்டடத்து நிலக்கீழ்ச் சலவையறையில் இன்று என் முறை. இரண்டு மெஷின் உடுப்பு. ஒரு தலையணை உறையில் சாயம் பிடித்துவிட்டது.

எனக்குப் பிறகு மேல்மாடி பிலாரின் முறை. மறந்த கூடையை எடுக்கத் திரும்பிப் போனால், மெஷின் சுற்றுகிற சத்தத்துக்குள் ஒளித்துக்கொண்டு ஆடுகிறாள்! குதிச் சப்பாத்தால் சீமெந்துத் தரையை அப்படி ஒரு அடி. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற பிலாரா இது?

ஸ்பெயின்காரர் ஏழுபேர் சேர்ந்து இந்தச் சுவிஸ் ஊர் ஆராவிலேயே ஃபிளமெங்கோக் குழு வைத்திருக்கிறார்களாம். கிட்டார், பாட்டு, கைதட்டு, ஆட்டம். 24ஆம் திகதி நிகழ்ச்சி.

வாசலில் நின்றபடியே எண்ணினேன். பன்னிரண்டு தட்டு ஒரு சுற்று. பலத்த அடி சமமாக விழவில்லை — மூன்று, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு. கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்திருக்கிறேன்.

13.9, செவ்வாய்

இன்றும் பார்க்க விட்டாள். எங்கள் இருவருக்கும் அரைகுறை ஜெர்மன்தான். ஆனால் நன்றாக விளங்குகிறது.

“நீ வந்து ‘ஒலே’ எண்டு கத்தோணும், தில்லை. போன வருசம் சனம் செத்த வீட்டிலை இருந்த மாதிரி இருந்தது. இந்த முறையும் அப்படியெண்டால் சப்பாத்தைக் கழட்டிப் போடுவன். எனக்கு ஐம்பத்திரண்டு. போதும்.”

“மேடையிலை உங்கட ஆக்கள் கத்துவினம்தானே?”

“நானே சமைச்சு நானே ருசியெண்டு சொல்லுறதோ?”

‘ஒலே’ அவர்களின் சபாஷ். கண்ட இடத்தில் கத்தக்கூடாதாம். பன்னிரண்டில் அவள் நிற்கும்போது விழ வேண்டும். பிந்தினால் கால் தடுமாறுமாம்.

ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

16.9, வெள்ளி

பூசை முடிந்தது. மணியின் நாக்குக்குத் துணி சுற்றித்தான் ஆட்டுகிறேன், ஐந்து வருடமாக. வந்த புதிதில் குக்கர் விசில் அடித்ததற்கு, வீட்டைப் பார்க்கிற ஹவுஸ்வார்ட் கதவில் வந்து நின்றார். அன்றையிலிருந்து தேவாரமும் வாய்க்குள்தான்.

அடுப்படியில் ‘ஒலே’ சொல்லிப் பார்த்தேன். ஆறு தரம். ஆறும் தண்ணீர் கேட்கிற மாதிரி.

இவர் எட்டிப் பார்த்து, “என்னப்பா, தொண்டை நோவோ?” என்றார்.

23.9, வெள்ளி

முருகா, நாளைக்குச் சத்தம் தா. வேறொன்றும் கேட்கவில்லை.

24.9, சனி

எழுதாமல் படுக்கமாட்டேன்.

தேவாலய மண்டபம் நிறையச் சனம். எல்லாரும் மடியில் கைவைத்தபடி. இவரும் வேலைக்கு லீவு போட்டு வந்தார். கிட்டார்க்காரர் நன்றாகத்தான் வாசித்தார். பாட்டுக்காரர் தொண்டை கிழியப் பாடினார். முடிய, அளவாகக் கைதட்டல்.

பிறகு பிலார். கறுப்புப் பாவாடை, காதோரம் சிவப்புப் பூ. மெல்லத் தொடங்கினாள். ஒருவரும் அசையவில்லை. அவளுடைய கண் என்னைத் தேடியது. முதல் நிறுத்தத்தில் வாய் திறக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. ஐயோ, அவளின்ரை முகம் விழுந்து போச்சு. கடவுளே, சப்பாத்தைக் கழட்டப் போறாள், என்னாலை —

கண்ணை மூடி எண்ணினேன். எட்டு, பத்து, பன்னிரண்டு. கால் நின்றது. எழும்பிவிட்டேன். ‘ஒலே’ எங்கே போனதோ தெரியாது. வயிற்றிலிருந்து வந்தது,

“அரோகரா!”

மண்டபம் திரும்பிப் பார்க்கிறது. பக்கத்திலே இவர், தேர் வடம் பிடித்த பழக்கம், என்ன ஏதென்று யோசிக்காமல் அதைவிடப் பெரிதாக, “அரோகரா!”

பிலார் தலையைப் பின்னுக்கு எறிந்து சிரித்தாள். பிறகு ஆடினாளே ஒரு ஆட்டம்! அடுத்த பன்னிரண்டில் பின் வரிசைச் சுவிஸ்காரர் இரண்டுபேர், “அரோகரா!” அதுதான் ஸ்பெயின்காரரின் முறை என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் முழு மண்டபமும் கத்தியது. மேடையில் கைதட்டுகிறவர்களும்.

முடிய ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். வேர்வையில் நனைந்து போனேன். “தில்லை, சரியான இடம்! நூல் பிடிச்ச மாதிரி!”

25.9, ஞாயிறு

காலையில் மனம் குழம்பியது. சாமி பெயரை ஆட்டத்துக்குக் கத்தியது பாவமோ? இவரைக் கேட்டேன்.

“காவடி என்ன தலையாலையோ ஆடுறது? பேசாமல் தேத்தண்ணி ஊத்தும்.”

27.9, செவ்வாய்

ஹவுஸ்வார்ட்டைப் படியில் மறித்துக் கேட்டேன்: காலையில் பூசைக்கு மணி அடிக்கலாமா? இந்தக் கேள்விக்கு ஐந்து வருடம்! அவர் சுவரில் ஒட்டியிருந்த வீட்டு விதித்தாளை முழுதாக வாசித்துவிட்டுச் சொன்னார்: “மணியைப் பற்றி ஒன்றும் இல்லை. எட்டு மணிக்குப் பிறகு அடியுங்கள்.”

ஒருவரும் தடுக்கவில்லை. துணியைச் சுற்றியது நான்தான்.

பிலார் சலவையறையில் கேட்கிறாள், டிசம்பரில் பாசல் நகரத்தில் ஆட்டம், வருவாயா என்று.

30.9, வெள்ளி

எட்டு ஐந்து. துணியை அவிழ்த்தேன். நாக்கில் பச்சை பிடித்திருந்தது. புளி போட்டு மினுக்கினேன். தீபம் காட்டி மணியை அடித்தேன். வீடு முழுக்கக் கேட்டது.

நிறுத்தியதும் மேலே தரையில் குதிச் சப்பாத்து. எண்ணினேன். பன்னிரண்டு.