இன்னார் மகள், இன்னார் மனைவி

4.6.2007 திங்கள்

காலையிலேயே அனல். பதினொரு மணி வரை கரண்ட் இல்லை. கீழே புதுவாயல் கூட்ரோட்டு லாரி சத்தம். மாடியறையில் நான், நஸீமா, இரண்டு செத்த கம்ப்யூட்டர்.

பேராசிரியர் கொடுத்த வேலை: பல்லவர் காலக் கல்வெட்டு, செப்பேடுகளில் வரும் ஆட்களை ஒருவர் விடாமல் இணையத்தில் ஏற்றுவது. பெயர், தகப்பன், ஊர், தொழில், உறவு. ராஜாக்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர். எங்களுக்கு ஆடு கொடுத்தவன், ஓலை எழுதியவன், தச்சன். ஆகஸ்டில் தளம் திறக்க வேண்டுமாம். திறந்த மாதிரிதான்.

பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றினால் கெ, கே-யின் கொம்பெல்லாம் எழுத்துக்கு அந்தப் பக்கம் ஓடிவிடுகிறது. அதை இழுத்து வந்து இந்தப் பக்கம் வைக்கும் புரோகிராம் ந. எழுதியது. பழவேற்காட்டுக்காரிக்குத் திமிர் அதிகம். மூளையும் அதிகம்.

இன்றைய சண்டை: நங்கை. ஒரு கல்லில் ‘சாத்தன் மகள் நங்கை’. பக்கத்து ஊர்க் கல்லில் ‘மாறன் மனைவி நங்கை’. இரண்டிலும் கோயில் விளக்கு நெய்க்கு ஆடு கொடுத்த செய்தி. ஒரே ஆள்தான் என்றேன்.

“பேரு ஒண்ணுன்னா ஆளு ஒண்ணா? எங்க தெருவுல மட்டும் நாலு ஃபாத்திமா கீறாங்க, சேகர்.”

பேராசிரியர் விதி: சந்தேகம் என்றால் தனித்தனி ஆள். தனித்தனியாகவே ஏற்றினோம்.

7.6 வியாழன்

சாயங்காலம் ஒரு பாட்டம் மழை. வாங்க வேண்டியது: சிடி, அம்மாவுக்குக் கால்வலித் தைலம், ரீசார்ஜ்.

ந.வுக்குக் கல்யாணம். மானிட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “வாப்பா முடிவு பண்ணிட்டாரு. மாப்பிள்ளை வூட்டுல மண்ணடியில கடை வெச்சிகினு கீறாங்க. ஜூலையில.”

“சந்தோஷம்” என்றேன்.

“அவ்ளோதானா?”

“வேற இன்னா சொல்லணும்?”

“ஒண்ணும் சொல்ல வேணாம். கொம்பைச் சரி பண்ணுங்க.”

சந்தோஷமாம். என் வாயில் மண் விழ. கீழே போய் டீ வாங்கினேன். குடிக்கவில்லை.

13.6 புதன்

சோறு இறங்கவில்லை. அம்மா: “இன்னா நைனா, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி கீது? வேலை பேஜாரா?” ஆமாம் என்றேன்.

இன்று கேட்டேவிட்டேன். பேராசிரியர் பேங்க்குக்குப் போயிருந்தார்.

“நான் வந்து உங்க வாப்பாகிட்ட பேசட்டுமா?”

அவள் திரும்பவே இல்லை. “இன்னான்னு பேசுவீங்க? எனக்குப் பின்னால ரெண்டு தங்கச்சிங்க. நான் உங்ககூட வந்துட்டா அதுங்களை யாரு கட்டுவா?”

கொஞ்சம் கழித்து அவளே: “ஒரு வருஷமா பக்கத்து சீட்டுல ஒக்காந்துகினு நங்கை, சாத்தன், மாறன்னே பேசினீங்க. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என்னைப் பத்திப் பேசியிருந்தா, நானாவது வாப்பாகிட்ட அழுது பாத்திருப்பேன். இப்ப பத்திரிகை அடிச்சாச்சு சேகர்.”

துப்பட்டா நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு வலிக்கிறது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே வலி, இடது பக்கம்.

அவள் போன பிறகு இரண்டு நங்கைகளையும் ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டேன். சாத்தன் மகள், மாறன் மனைவி, ஒரே பெண். என்ன வீம்போ.

15.6 வெள்ளி

மாட்டிக்கொண்டேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்படி வைத்தால் திட்டு நிச்சயம்.

“யாரைக் கேட்டு சேர்த்த? ஆதாரம் எங்கப்பா?”

“இல்ல சார்.”

“கல்யாணம் ஆயிட்ட பொண்ணைக் கல்வெட்டுல தொடர்ந்து போறது கஷ்டம். அப்பன் பேரு போயி புருஷன் பேரு வந்துடும். அதே பொண்ணுன்னு நமக்குத் தோணும். தோணறதை எல்லாம் ஏத்த முடியுமா?”

ந. எடுத்து வைத்திருந்த சிடியிலிருந்து பழையதைப் போட்டு நானே பிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து எதை அழுத்துவது என்று மட்டும் சொன்னாள். நாளை முதல் வரமாட்டாள். அவள் நாற்காலியை என்ன செய்வது?

8.7 ஞாயிறு

இன்று கல்யாணம். பேராசிரியர் போனார். நான் போகவில்லை. பக்கத்து ஆரணியில் பஸ் ஏறி ஊத்துக்கோட்டை போய், ஒரு பூட்டிய கடை வாசலில் நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். ஏன் போனேன், தெரியாது. வரும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன். கண்டக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போனார். நல்ல மனுஷன்.

20.8 திங்கள்

தளம் திறந்து ஒரு வாரம். கொம்பெல்லாம் ஒழுங்காக நிற்கிறது. மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன்.

“சேகர் சாருங்களா?”

யாரென்று பிடிபட ஒரு நொடி ஆனது. சாராம்! சேகர், சேகர் என்று உயிரை வாங்கியவள்.

“சைட் பாத்தோம் சார். நல்லா வந்துகீது. செஞ்சவங்க பேருல எம். நஸீமான்னு கீது. இனிஷியலை மாத்தணும். ஏ. போடணும். அவரு சொல்லச் சொன்னாரு.”

பின்னால் ஓர் ஆம்பளை இருமல்.

“பழைய இனிஷியலையும் பக்கத்துல போட்டுடறேன் நஸீமா. அப்பதான் ரெண்டும் நீங்கதான்னு தெரியும்.”

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

“வேணாம் சார். யாருக்குத் தெரியணும்?”

எம்மை எடுத்தேன். ஏ போட்டேன்.